குறையாத வெயிட்: அப்டேட்

எடை ஒரே இடத்துல நிக்குது, கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்சூலும் குளுக்கோமன்னானும் (கொன்ஜாக்குங்கிற கிழங்குல இருந்து எடுக்குற நார்ச்சத்து) எடுக்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட் இது. கேட்டுட்டே இருந்தவங்களுக்கு, ஆமா குறையுது, மெதுவாத்தான்.

கிரீன் டீ கேப்சூலை டாக்டர் வேணாம்னுட்டாங்க. டீயா குடிக்கிறது வேற, கேப்சூல்ல செறிவா போறது வேற, ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் இஜிசிஜி (கிரீன் டீல இருக்குற முக்கியமான பொருள்) அல்லது அதுக்கு மேல போனா லிவர் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018-ல சொல்லியிருக்கு. சரி, அதை விட்டாச்சு.

குளுக்கோமன்னான் எடுக்குறேன். ஒரு கிராம் வீதம் மூணு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடி, கூடவே ஒண்ணு ரெண்டு டம்ளர் தண்ணி, தண்ணிய குறைச்சா அது தொண்டையிலயே உப்பி அடைச்சுக்கும், விளையாட்டில்ல. வேற மாத்திரை எடுக்குறவங்க இடைவெளி விடணும், ஏன்னா மருந்து உடம்புல சேர்றதை அது தடுக்கலாம். இது கொழுப்பை எல்லாம் கரைக்காது, வயிறு கொஞ்சம் நிறைஞ்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

எனக்கு நிஜமா வேலை செஞ்சது போனை தள்ளி வச்சிட்டு சாப்பிட்டதுதான். வயிறு நிறைஞ்சது மூளைக்கு தெரியவே கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஆகுமாம், நான் அதுக்குள்ள ரெண்டாவது ரவுண்டே முடிச்சிடுவேன் 😅 இப்போ பாதியில கொஞ்சம் நிறுத்தி, இன்னும் பசிக்குதா இல்ல சும்மா கை போகுதான்னு பாக்குறேன். ராத்திரி கொறிக்கிறது மட்டும் இன்னும் நின்னபாடில்ல.

யாராச்சும் குளுக்கோமன்னான் எடுத்து கேஸ் பிரச்சனை வந்து சமாளிச்சிருந்தா சொல்லுங்க, எனக்கு அது லேசா இருக்கு.