சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த ஈமேக்ஸ் 30.1-இல் தமிழ் எழுத்து உடைகிறது (டெபியன் 12)

மலைக்கோட்டை:

வணக்கம் நண்பர்களே. பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். டெபியன் தருவது ஈமேக்ஸ் எடிட்டரின் 28.2 பதிப்பு. எனக்குப் பைத்தான் வேலைக்கு ட்ரீ-சிட்டர் மோடும் (கோடின் இலக்கணத்தை அலசி வண்ணமிடுவது) எக்லாட்டும் (கோடில் பிழை காட்டும் லாங்குவேஜ் சர்வரோடு ஈமேக்ஸை இணைப்பது) தனியாக எதையும் சேர்க்காமல் உள்ளேயே வேண்டும், அது 29-இலிருந்துதான் உண்டு என்பதால் 30.1-இன் சோர்ஸை ஜிஎன்யூ தளத்திலிருந்து இறக்கி நானே கம்பைல் செய்தேன்.

செய்த விதம்: ஈமேக்ஸ் 25 காலத்தில் யாரோ எழுதிய ஒரு வழிகாட்டியில் இருந்த டெவ் பேக்கேஜ்களை (கம்பைல் செய்யத் தேவையான லைப்ரரி ஃபைல்கள்) போட்டேன். மெனு, ஜன்னல் வரையும் டூல்கிட்களில் ஜிடிகே கனமாக இருக்கும் என்று லூசிட்டைத் தேர்ந்தெடுத்தேன், அதற்கு எக்ஸ்ஏடபிள்யூ7, எழுத்துருவுக்கு எக்ஸ்எஃப்டி, படங்களுக்கு ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப், டிஃப், எக்ஸ்பிஎம். எந்தெந்த லைப்ரரிகள் இருக்கின்றன என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓடவிட்டபோது, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான ஜிஎன்யூடிஎல்எஸ் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. அந்த எர்ரர் செய்தியிலேயே அதற்கு 'இஃப்அவைலபிள்' என்று மதிப்புக் கொடுத்தால் தாண்டலாம் என்று இருந்தது, கொடுத்தேன், தாண்டியது. ப்ரீஃபிக்ஸாக (இன்ஸ்டால் ஆகும் இடம்) என் ஹோமில் இருக்கும் டாட்-லோக்கல் ஃபோல்டர். மேக், மேக் இன்ஸ்டால் இரண்டும் ஒரு எர்ரரும் இல்லாமல் முடிந்தன.

இப்போது பிரச்சினை என்னவென்றால் "கொடி" என்று அடித்தால் க தனியாக நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தோடு கொம்பும் காலும் தனியாக நிற்கின்றன. புள்ளி வைத்த எழுத்துகளில் புள்ளி பக்கத்துக்குத் தள்ளிப் போகிறது. இதே ஃபைலை 28.2-இல் திறந்தால் அழகாகத் தெரிகிறது. என் குறிப்புகள் எல்லாமே ஆர்க் மோடில் (ஈமேக்ஸின் குறிப்பெடுக்கும் வசதி) தமிழில்தான் இருக்கின்றன, இது சரியாகாவிட்டால் 30.1 இருந்தும் எனக்குப் பயன் இல்லை. அது போக, மெல்பா என்ற ஈமேக்ஸ் பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து பட்டியல் வரவே மாட்டேன் என்கிறது. டெர்மினலில் ஈமேக்ஸ் என்று அடித்தால் இன்னும் 28.2-தான் திறக்கிறது, முழுப் பாதையையும் கொடுத்தால்தான் புதியது வருகிறது. மூன்றும் ஒரே காரணமா, வேறு வேறா?

கரிசல்மண்:

வேறு வேறு. ஆனால் முதல் இரண்டும் ஒரே இடத்தில் ஆரம்பிக்கின்றன, அதாவது கான்ஃபிகரில்.

தமிழ் விஷயத்தை முதலில் பார்ப்போம். "கொ" என்பது ஃபைலுக்குள் க, அப்புறம் ஒகரக்குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை எடுத்து இடப்பக்கம் வைத்து, காலை வலப்பக்கம் வைத்து, நடுவில் க-வை உட்கார வைப்பது தனி வேலை. ஈமேக்ஸ் அதைத் தானாகச் செய்வதில்லை, ஒரு லைப்ரரியிடம் கொடுத்துவிடுகிறது. 2020 ஆகஸ்டில் வந்த 27.1-இலிருந்து அந்த வேலை ஹார்ஃப்பஸ்ஸுடையது. அதற்கு முன்னால் லிப்ஓடிஎஃப், எம்17என் என்று இரண்டு லைப்ரரிகள் சேர்ந்து செய்துகொண்டிருந்தன. நீங்கள் பார்த்த வழிகாட்டி 25 காலத்தது என்கிறீர்கள், அதில் ஹார்ஃப்பஸ் பெயரே இருந்திருக்காது. உங்கள் பட்டியலில் பழைய இரண்டும் இல்லை, புதியதும் இல்லை. ஆக எழுத்துகளைச் சேர்த்துக் கட்ட உள்ளே ஆளே இல்லாத ஒரு ஈமேக்ஸ் உருவாகியிருக்கிறது.

இன்னொன்று, ஜிடிகே வழியில் போயிருந்தால் இது உங்களுக்கு வந்திருக்காது. ஜிடிகே3-இன் டெவ் பேக்கேஜ், எழுத்து வரையும் லைப்ரரியான பாங்கோவை இழுக்கும், பாங்கோவின் டெவ் பேக்கேஜ் ஹார்ஃப்பஸ்ஸை இழுக்கும். லூசிடுக்கு அந்தச் சங்கிலி கிடையாது. லூசிட் தவறான தேர்வு என்று சொல்லவில்லை, 4 ஜிபி மெஷினுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஹார்ஃப்பஸ்ஸைக் கையால் போட வேண்டும், அவ்வளவுதான்.

உறுதி செய்துகொள்ள: உடைந்த எழுத்தின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அழுத்துங்கள். திறக்கும் பக்கத்தில் எழுத்துருப் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் குறி இருக்கும். வெறும் எக்ஸ்எஃப்டி என்று இருந்தால் ஹார்ஃப்பஸ் இல்லை. எஃப்டிசிஆர்எச்பி என்று இருந்தால் திரையில் வரையும் லைப்ரரியான கெய்ரோவும் ஹார்ஃப்பஸ்ஸும் வேலை செய்கின்றன. கடைசியில் வரும் எச்பி-தான் ஹார்ஃப்பஸ்.

இதில் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு ஆதங்கம் உண்டு. ஜிஃப் லைப்ரரி இல்லையென்றால் கான்ஃபிகர் நின்று சத்தம் போடுகிறது. ஜிஎன்யூடிஎல்எஸ் இல்லையென்றாலும் அப்படித்தான். ஆனால் ஹார்ஃப்பஸ் இல்லையென்றால் சத்தமே இல்லாமல் கடந்து போய்விடுகிறது. கெய்ரோ, எஸ்க்யூலைட், நீங்கள் எதற்காகக் கம்பைல் செய்தீர்களோ அந்த ட்ரீ-சிட்டர், எல்லாம் இந்த இரண்டாவது வகை. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு ஹார்ஃப்பஸ் இல்லாதது கண்ணிலேயே படாது. தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதுகிற நமக்கு எடிட்டரே போச்சு. அதனால் கான்ஃபிகர் முடியும்போது கடைசியில் வருகிற அந்தச் சுருக்கத்தை, "ஈமேக்ஸ் இதைப் பயன்படுத்துகிறதா? ஆம், இல்லை" என்று வரிவரியாக வருமே, அதைப் படிக்காமல் மேக் அடிக்கவே கூடாது. ட்ரீ-சிட்டருக்கு நேரே என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? உங்கள் பட்டியலில் அதுவும் காணவில்லை.

மெல்பா வராததற்குக் காரணம் ஜிஎன்யூடிஎல்எஸ். 'இஃப்அவைலபிள்' என்றால் கிடைத்தால் சேர், கிடைக்காவிட்டால் இல்லாமலே கட்டு என்று அர்த்தம். அது இல்லாத ஈமேக்ஸுக்கு எச்டிடிபிஎஸ் முகவரியோடு நேராகப் பேசத் தெரியாது.

இனி செய்ய வேண்டியது. சோர்சஸ் லிஸ்டில் டெப்-எஸ்ஆர்சி வரி (சோர்ஸ் பேக்கேஜ்கள் கிடைக்கும் இடம்) இருக்கிறதா என்று பாருங்கள், டெபியன் இன்ஸ்டாலர் பெரும்பாலும் போட்டே வைத்திருக்கும். அப்புறம் சூடோ ஆப்ட் பில்ட்-டெப் ஈமேக்ஸ். இது ஜிடிகேயின் டெவ் ஃபைல்களையும் இழுத்து வரும், பயப்பட வேண்டாம், அவை டிஸ்க்கில் கொஞ்சம் இடம் பிடிக்குமே தவிர நீங்கள் லூசிட் என்று சொன்னால் ஈமேக்ஸ் லூசிடாகத்தான் வரும். ஒன்றை மறக்காதீர்கள், பில்ட்-டெப் 28.2-க்குத் தேவையானதைத்தான் கொண்டுவரும். 29-இலிருந்து சேர்ந்தவை அதற்குத் தெரியாது. அதனால் ட்ரீ-சிட்டர், எஸ்க்யூலைட்3, வெப்பி ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்களைத் தனியாகப் போடுங்கள். பழைய வழிகாட்டிகளில் ஜான்சன் என்று ஜேசன் லைப்ரரி ஒன்று வரும், 30-க்கு அது தேவையில்லை, இப்போது ஈமேக்ஸிடம் சொந்தமாகவே இருக்கிறது.

பழைய பில்டின் மேலேயே திரும்ப ஓட்டாதீர்கள். டார் ஃபைலைப் புதிதாகப் பிரித்து, உள்ளே பில்ட் என்று ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கி, அங்கிருந்து மேல் ஃபோல்டரின் கான்ஃபிகரைக் கூப்பிடுங்கள். ஆப்ஷனை மாற்ற நினைத்தால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும், சோர்ஸ் சுத்தமாக இருக்கும். மேக் முடிந்ததும் இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால், பில்டுக்குள் இருக்கும் எஸ்ஆர்சி ஃபோல்டரில் உள்ள ஈமேக்ஸை மைனஸ் கேபிடல் க்யூ போட்டு (உங்கள் அமைப்புகளை ஏற்றாமல் திறக்க) ஓட்டி, "கொடி", "கோயில்", "தமிழ்" என்று அடித்துப் பாருங்கள். சரியாக வந்தால் மட்டும் இன்ஸ்டால்.

ஏழுகடல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? டெபியன் 13-இல் 30.1 நேராகவே இருக்கிறது, 13-க்கு மாறினால் ஆப்டிலேயே வந்துவிடும். 12-ஐ விட மனமில்லை என்றால் ஃப்ளாட்ஹப்பில் (ஃப்ளாட்பேக் வடிவச் செயலிகளின் களஞ்சியம்) ஈமேக்ஸ் இருக்கிறது, ஒரே கமாண்ட். சோர்ஸிலிருந்து போட்டதை ஆப்ட் கவனிக்காது, நாளை ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நீங்களேதான் மறுபடி இறக்கிக் கட்ட வேண்டும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்மண்:

பாதுகாப்புத் திருத்தம் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம், கம்பைல் செய்கிற எல்லோரும் வெளியீட்டு அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஃப்ளாட்பேக்கை இவருக்குச் சொல்ல மாட்டேன். அது தனி அறைக்குள் ஓடுகிறது, வெளியே நீங்கள் போட்டிருக்கும் பைத்தான், லாங்குவேஜ் சர்வர், கம்பைலர் எதுவும் உள்ளிருந்து நேராகத் தெரியாது. எக்லாட்டுக்காக ஈமேக்ஸை மாற்றுகிறவருக்கு அது ஒரு தலைவலியைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் வேலை. டெபியன் 13-க்கு மாறுவது நல்ல யோசனை, அவரால் முடிந்தால்.

திண்ணை:

மூன்றாவது கேள்வி விட்டுப்போனதே, டெர்மினலில் பழையது திறப்பது. டெபியனின் டாட்-ப்ரொஃபைல் ஃபைலைத் திறந்து பாருங்கள். டாட்-லோக்கலுக்குள் பின் என்ற ஃபோல்டர் இருந்தால் மட்டும் அதைப் பாத்தில் சேர் என்று எழுதியிருக்கும். நீங்கள் லாக்-இன் செய்தபோது அந்த ஃபோல்டரே இல்லை, மேக் இன்ஸ்டால்தான் அதை உண்டாக்கியது. ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள், சரியாகிவிடும். ப்ரீஃபிக்ஸ் கொடுக்காமல் யூஎஸ்ஆர்-லோக்கலில் போட்டவர்களுக்கு வேறு கதை: பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும், ஹாஷ் மைனஸ் ஆர் என்று அடித்தால் மறந்துவிடும்.

ஹோமுக்குள் போட்டது நல்லது, சூடோ தேவையில்லை, 28.2-ஐயும் நீக்க வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அதே பில்ட் ஃபோல்டரிலிருந்து மேக் அன்இன்ஸ்டால் வேலை செய்யும், அதனால் அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

நேட்டிவ் கம்பைலேஷன் (ஈமேக்ஸின் லிஸ்ப் கோடை மெஷின் கோடாக மாற்றுவது) பற்றியும் ஒரு வார்த்தை. 30-இல் அதற்கான லைப்ரரி லிப்ஜிசிசிஜிட் கண்ணில் பட்டால் கேட்காமலே அதைச் சேர்த்துக்கொள்ளும். டெபியன் 12-இன் ஜிசிசி 12 என்பதால் டெவ் பேக்கேஜும் 12 ஆகவே இருக்க வேண்டும், எண் மாறினால் கான்ஃபிகர் ஒத்துக்கொள்ளாது. ஈமேக்ஸ் வேகமாகும், கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் ஏஓடி என்று ஒரு மதிப்பு கொடுக்கலாம் என்று எங்காவது படித்தால் அதை விட்டுவிடுங்கள், இருக்கிற லிஸ்ப் ஃபைல் அத்தனையையும் மேக் நேரத்திலேயே கம்பைல் செய்ய உட்காரும், உங்கள் லேப்டாப் தாங்காது. அது இல்லாவிட்டால் நீங்கள் ஒவ்வொரு மோடையும் முதல்முறை திறக்கும்போது பின்னணியில் கம்பைல் ஆகும். அப்போது ஃபேன் சுற்றினால் நேட்டிவ்-காம்ப்-அசிங்க்-ஜாப்ஸ்-நம்பர் என்ற வேரியபிளுக்கு 1 கொடுங்கள். மேக்கிற்கும் ஜே2 போதும்.

பிஜிடிகே ஆப்ஷனும் வேண்டாம். அது வேலண்ட் என்ற புதிய திரை அமைப்புக்கு. எக்ஸ்எஃப்சிஇ பழைய அமைப்பான எக்ஸ்11-இல் ஓடுகிறது, அங்கே பிஜிடிகே பில்டைத் திறந்தால் ஈமேக்ஸே எச்சரிக்கும்.

மலைக்கோட்டை:

நன்றி, நன்றி! முதலில் எழுத்தைச் சோதித்தேன், கரிசல்மண் சொன்னபடியே வெறும் எக்ஸ்எஃப்டி. பழைய கான்ஃபிகர் லாகைத் திறந்து பார்த்தால் ஹார்ஃப்பஸ் இல்லை, கெய்ரோ இல்லை, ட்ரீ-சிட்டரும் இல்லை. இப்போது பில்ட்-டெப், மற்ற மூன்று டெவ் பேக்கேஜ்கள், லிப்ஜிசிசிஜிட் 12, எல்லாம் போட்டுத் தனி ஃபோல்டரில் கட்டினேன். சுருக்கத்தில் எல்லாவற்றுக்கும் நேரே ஆம். "கொடி" ஒழுங்காக வருகிறது, புள்ளி தலைமேல் உட்கார்ந்திருக்கிறது, மெல்பா வருகிறது, டெர்மினலிலும் 30.1.

இரண்டு சந்தேகம். பைத்தான்-டிஎஸ்-மோடை (ட்ரீ-சிட்டர் வழியான பைத்தான் மோட்) திறந்தால் பைத்தானுக்கான கிராமர் இல்லை என்கிறது, லைப்ரரிதான் இருக்கிறதே? இன்னொன்று, 28.2-இல் போட்டிருந்த பழைய பேக்கேஜ்களில் ஒன்றிரண்டு திறக்கும்போது விநோதமான எர்ரர் தருகின்றன.

கரிசல்மண்:

லைப்ரரி என்பது இயந்திரம் மட்டும்தான், ஒவ்வொரு மொழிக்கும் கிராமர் தனியாக வேண்டும். ட்ரீசிட்-இன்ஸ்டால்-லாங்குவேஜ்-கிராமர் என்ற கமாண்ட் அதை இறக்கி, ஜிசிசி வைத்துக் கம்பைல் செய்து போடும். ஒரு எச்சரிக்கை: டெபியன் 12-இல் இருக்கும் ட்ரீ-சிட்டர் 0.20 வரிசை, புதிய கிராமர்கள் சில அதைவிடப் புதிய ஏபிஐயில் வருகின்றன. வெர்ஷன் பொருந்தவில்லை என்று சொன்னால் ட்ரீசிட்-லாங்குவேஜ்-சோர்ஸ்-அலிஸ்டில் அந்தக் கிராமரின் பழைய டேக் ஒன்றைக் குறிப்பிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பேக்கேஜ் எர்ரருக்கு ஆல்ட்-எக்ஸ் அடித்து பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல். 28 கம்பைல் செய்து வைத்த ஃபைல்களை 30 படிப்பதால் வருகிற சிக்கல்தான் பெரும்பாலும். ஆனால் அதற்குப் பிறகு அதே ஈமேக்ஸ்-டி ஃபோல்டரை 28.2-இல் திறந்தால் அங்கே உதைக்கலாம். இரண்டையும் வைத்துக்கொள்வதென்றால் 30.1-க்கு வேறு இனிட் டைரக்டரி (அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர்) வையுங்கள்.

திண்ணை:

இதை உபுண்டு 22.04-இல் இருந்துகொண்டு படிக்கிறவர்களுக்கு: அங்கே இருப்பது 27.1. அதிலிருந்து 30-க்குத் தாவினால் தமிழ்-ஐட்ரான்ஸ், தமிழ்-இன்ஸ்கிரிப்ட் என்ற இரண்டு தட்டச்சு முறைகளிலும் எண் விசையை அழுத்தும்போது ௧, ௨, ௩ வராது, 1, 2, 3 வரும். 28-இல் மாற்றினார்கள், பில்டில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தமிழ் எண்களே வேண்டுமென்றால் அதே பெயரோடு டிஜிட்ஸ் என்று முடிகிற இன்னொரு இன்புட் மெத்தட் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். ஜிசிசிஜிட்டும் அங்கே 12 அல்ல, 11.