புதுப்பிப்பு: கறுப்பு உடுப்பும் பாட்டும்

கோத் எனப்படும், கறுப்பு உடுப்பும் இருண்ட ராக் இசையும் சேர்ந்த பாணியின் உடையும் பாட்டும் பழக எங்கே தொடங்கலாம் என்று ஹட்டனிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பாட்டில் சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் என்ற பிரித்தானிய இசைக்குழு மனதில் ஒட்டிக்கொண்டது. 1982இல் லண்டன் சோஹோவில் தொடங்கிய பேட்கேவ் என்ற கோத் இரவு கிளப்பின் படங்களைப் பார்த்துத்தான் கண்மை போடப் பழகுகிறேன். ஜப்பானின் தெரு உடைப் படங்களை வெளியிட்ட ஃப்ரூட்ஸ் இதழின் பழைய பிரதிகளும் அழகு, ஆனால் அவ்வளவு வண்ணம் நமக்குச் சரிவராது.

உடுப்புக்கு நுவரெலியாவின் பேல் பஜார் என்ற உடுப்புச் சந்தை போதும். ரெக்சின் (செயற்கைத் தோல்) ஜாக்கெட் மட்டும் வேண்டாம். இந்த ஈரத்தில் என்னுடையது தோளிலிருந்து செதில் செதிலாக உரிந்து, உள்ளே வெள்ளைத் துணி தெரிகிறது. தடித்த பருத்தியே எடுங்கள்.

அம்மா இன்னும், "யாரு வீட்டு எழவுக்குடி போற?" என்கிறார். பக்கத்து லயத்து அக்கா தனக்கும் ஒரு கறுப்பு உடுப்பு வாங்கி வரச் சொல்லிவிட்டார்.