மஞ்சள் கட்டத்துக்குள் சில நொடி நின்றதற்கு 160 பவுண்டா?

குடைக்காரன்:

வணக்கம். லண்டனுக்கு வந்து மூன்று வருடம், கார் வாங்கி எட்டு மாதம். நேற்று கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளாட்சியிலிருந்து, ஒரு கடிதம். பாக்ஸ் ஜங்ஷனில், அதாவது சந்திப்பில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கோடு போட்டிருப்பார்களே அந்தக் கட்டத்துக்குள், வண்டியை நிறுத்திவிட்டேனாம். 160 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 80. தேதியையும் நேரத்தையும் வைத்துப் பார்த்தால் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது நடந்திருக்கிறது, மற்றபடி அங்கே நின்றதே எனக்கு நினைவில்லை. சிக்னல் பச்சைதான். யாரையும் இடிக்கவில்லை, பின்னால் ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கடிதத்தில் இருக்கும் படத்தில் என் காரின் பின் சக்கரம் மட்டும்தான் மஞ்சளுக்குள் இருக்கிறது. இதற்கு எங்கள் வீட்டு ஒரு வார மளிகைக் காசா? அபராதத்தை எதிர்த்து எழுதிப் பார்க்கலாமா, இல்லை தலையெழுத்து என்று 80-ஐக் கட்டிவிடலாமா? லைசென்ஸில் தண்டனைப் புள்ளி ஏறுமா? மனைவி கட்டித் தொலையுங்கள் என்கிறாள், எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

வெம்பிளிச் சித்தப்பா:

தம்பி, புள்ளி ஏறாது, அதை விடும். இது போலீஸ் கேஸ் இல்லை, கவுன்சில் போடுகிற தண்டம். இன்ஷூரன்ஸ்காரனுக்கும் சொல்லத் தேவையில்லை.

கட்டுவதற்கு முதல் வீடியோவைப் பாரும். கடிதத்தில் ஒரு இலக்கம் இருக்கும், அதையும் கார் நம்பரையும் கவுன்சில் இணையத்தளத்தில் போட்டால் கமெரா எடுத்த முழுப் படமும் வரும். கடிதத்தில் அவங்கள் அச்சடிப்பது தங்களுக்கு வசதியான ரெண்டு படம் மட்டும்தான்.

எல்லாரும் பிழையாக விளங்கி வைத்திருக்கிற விஷயம் ஒன்று. கட்டத்துக்குள் நின்றால் குற்றம் என்று சட்டத்தில் இல்லை. 2016ஆம் ஆண்டு விதியில் இருப்பது என்னவென்றால், முன்னால் அசையாமல் நிற்கிற வாகனங்களால் உள்ளே நின்றே ஆகவேண்டிய மாதிரி நீர் நுழைந்திருக்க வேண்டும். அப்போ குறுக்கே ஆள் நடந்து வந்ததால் நின்றால் அது வேறு. முன்னால் இடமிருந்தும் நீராகவே முன்கூட்டி பிரேக் அடித்திருந்தாலும் வேறு. வலப்பக்கம் திரும்பும்போது எதிரில் வருகிற வாகனத்துக்காகக் காத்து நின்றால் அதற்கும் விலக்கு உண்டு.

நான் ஒருக்கால் வென்றேன், ஒருக்கால் தோற்றேன். வென்றது, ஒரு அம்மா பிள்ளையின் தள்ளுவண்டியோடு சடாரென்று ரோட்டில் இறங்கினதால் நின்ற கேஸ். கவுன்சில் மறுத்துவிட்டது, இந்த மாதிரித் தண்டங்களுக்கு மேல்முறையீடு கேட்கிற லண்டன் டிரிப்யூனல்ஸ் என்ற தீர்ப்பாயத்துக்குப் போட்டேன், அதற்குக் கட்டணம் ஒன்றும் இல்லை. ஃபோனிலேயே விசாரணை, கவுன்சில் சார்பில் ஒருத்தரும் வரவில்லை. தோற்றதில் பிழை என்னுடையதுதான், பஸ்ஸுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போனேன்.

தேநீர் இடைவேளை:

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பச்சை விழுந்தால் போகலாம் என்பது நம்ம ஊர்க் கணக்கு. முன் வண்டியின் பம்பரை மோந்துகொண்டே போகும் பழக்கம் கையிலும் காலிலும் ஊறிப்போயிருக்கிறது, எனக்கும்தான். இங்கே பச்சையாக இருந்தாலும் அந்தப் பக்கம் நம் வண்டிக்கு இடம் காலியாகும்வரை மஞ்சளுக்கு வெளியே நிற்க வேண்டும், லைசென்ஸ் எடுக்கும் தியரி டெஸ்டுக்கே இதைப் படித்திருப்பீர்கள். பின்னால் இருப்பவர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் தொகை அநியாயம், அதில் உங்கள் கட்சிதான். 2025 ஏப்ரலுக்கு முன்னால் பெரும்பாலான லண்டன் கவுன்சில்களில் 130 ஆக இருந்ததை 160 ஆக்கினார்கள். லண்டனைத் தாண்டினால் இதே தப்புக்கு 70, சீக்கிரம் கட்டினால் 35. மஞ்சள் பெயிண்ட் ஒன்றுதான்.

மாலதி அக்கா:

என்ன செய்தாலும் கடிதத்தை மட்டும் மேசை டிராயரில் போட்டுவிடாதீர்கள் தம்பி. என் தங்கை வீடு மாறியபோது கார் லாக்புக்கில், அதாவது காரின் பதிவுச் சான்றில், முகவரியை மாற்றவில்லை. இலவசமாக ஆன்லைனில் செய்கிற வேலை, மறந்துவிட்டாள். கடிதமெல்லாம் பழைய வீட்டுக்கே போயிருக்கிறது. கட்டாமல் விட்டால் தொகை பாதி மடங்கு ஏறும், 160 என்பது 240 ஆகும், அப்புறம் கோர்ட்டில் பதிவாகும், அதற்கும் மேலே பெய்லிஃப், அதாவது பாக்கியை வசூலிக்கிற ஆள், வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவருக்கான கட்டணமும் நம் தலையில்தான். அவளுக்கு முதல் தகவலே கதவைத் தட்டிய ஆள்தான்.

எழுதுவதானால் 14 நாளுக்குள் எழுதுங்கள். மறுத்தாலும் 80-க்கே இன்னொரு தடவை வாய்ப்புத் தரும் கவுன்சில்கள் நிறைய இருக்கின்றன, கட்டாயம் கிடையாது, உங்கள் கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். டிரிப்யூனல்வரை போய்த் தோற்றால் முழு 160. கவுன்சிலுக்கு எழுதும்போது குடும்பக் கஷ்டம், பையன், பள்ளி, மளிகை எல்லாம் வேண்டாம். வீடியோவில் எந்த நொடியில் என்ன தெரிகிறது, அது மட்டும்.

குடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பையன் தூங்கியபிறகு வீடியோவை ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். நான் நின்றது ஐந்து நொடி. எனக்கு முன்னால் வெள்ளை வேன் ஒன்று. சித்தப்பா சொன்னதை மனசில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது, வேனுக்கும் எனக்கும் நடுவே ஒரு சின்னக் காரே நிற்கிற அளவுக்கு இடம். நான் இன்னும் ஆறடி முன்னால் போயிருந்தால் பின் சக்கரம் வெளியே வந்திருக்கும். ஏன் அங்கே பிரேக் அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேனோ என்னவோ, சீட்டில்தான் யாரும் இல்லையே. எப்படியோ அந்த இடைவெளி படத்தில் தெளிவாகத் தெரிகிறது, நொடியைக் குறித்து ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதி அனுப்பிவிட்டேன். அக்கா சொன்ன மாதிரி மளிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது தபால் வந்தது. அதே கவுன்சில், அதே சந்திப்பு, இரண்டு நாள் கழித்து. முதல் கடிதம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே மறுபடி நின்றிருக்கிறேன். இந்த வீடியோவில் இடைவெளி, தள்ளுவண்டி, எதுவும் இல்லை. பஸ்ஸின் பின்னால் நடுக் கட்டத்தில் பதினோரு நொடி, சிலை மாதிரி. அந்த 80-ஐக் கட்டியாகிவிட்டது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

வெம்பிளிச் சித்தப்பா:

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லும். முதல் கேஸின் முடிவு வந்தால் இங்கே எழுதும்.