அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். என்ன செய்யலாம்?

கரிசல்காட்டு அப்பா: என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மொத்தம் 43 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் பாதி நாள், பிள்ளைகளின் விவரங்களைப் பதியும் எமிஸ் செயலியோடு மல்லுக்கட்டுகிறார். இன்னொரு டீச்சர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்குப் பாடமே இல்லை. காலை உணவு நன்றாகவே போடுகிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவள் கடன் வாங்கிக் கழிப்பதில் இன்னும் தடுமாறுகிறாள். தனியாருக்கு மாற்றக் காசில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்: தம்பி, சட்டப்படி இது சரி, அதுதான் கொடுமை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். தலையை எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கூட்டத்துக்குப் போய்த் தீர்மானமாக எழுத வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

செல்வி: நாங்கள் அப்படி எழுதினோம் அண்ணா. நாலு மாதம் இழுத்தடித்து, வாரம் 2 நாள் மாற்றுப்பணியில் ஒரு டீச்சரை அனுப்பினார்கள்.

கரிசல்காட்டு அப்பா: சரிங்க ஐயா. கூட்டம் வேலை நாளில்தான் வைக்கிறார்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும்.