பாப்பா பெயர் ஸ்பெல்லிங்: கூடுதல் எழுத்து போட்டா ஏத்துக்குவாங்களா? அவசரம்

தங்கச்சிமடம்_அப்பா
பாப்பாவுக்கு யாழினின்னு வச்சிருக்கோம். எண் ஜோசியப்படி எழுத்துகளோட கூட்டு எண் 23 வரணும்னு இங்கிலீஷ்ல ஒய்-ஏ-ஏ-இசட்-எச்-ஐ-என்-ஐ-ஐ, மொத்தம் 9 எழுத்து. எங்க ஊர் வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இங்க முடியாதுன்னுட்டாங்க. ஆதார் சென்டர்ல அடிச்சுப் பார்த்தா தமிழ்ல "யாஜினி"ன்னு வருது. ஸ்பெல்லிங்கை மாத்தணுமா, எதை முதல்ல செய்யணும்? திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க, ப்ளீஸ்.

உச்சிப்புளி_செல்வி
தம்பி, முக்கியமான எதையும் சொல்லலியே. பாப்பா பிறந்தது எந்த ஊர்ல? எத்தனை மாசம்? பிறப்புச் சான்றிதழ்ல பேர் ஏறியிருக்கா, காலியா இருக்கா?

எண்ணியல்_தேவிபட்டினம்
அப்பா இனிஷியல் என்ன? அது தெரியாம 23ன்னு யார் கணக்குப் போட்டுக் கொடுத்தாங்க?

மண்டபம்_மூத்தவர்
இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாச்சு. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பெயரைப் பிறகு மாற்ற மாட்டார்கள். பின்னாளில் அரசிதழில் பெயர் மாற்றம் செய்தாலும் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயர்தான் நிற்கும். ஆசைக்கு எழுத்து சேர்ப்பவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும்.

தங்கச்சிமடம்_அப்பா
ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி. 11 மாசம். சான்றிதழ் வாங்கியாச்சு, பேர் கட்டம் காலி. இனிஷியல் கே.

உச்சிப்புளி_செல்வி
இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரே பதில்ல முடிஞ்சிருக்கும். பிறப்பு எங்கே நடந்துச்சோ அந்த இடத்துப் பதிவாளர்தான் பேர் ஏத்த முடியும். குடியிருக்கிற ஊர் வி.ஏ.ஓ.வுக்கு அந்தப் பதிவேட்டில் கை வைக்க அதிகாரம் இல்லை. சான்றிதழ்ல கையெழுத்துக்குக் கீழ பதிவாளர் அலுவலகம் எதுன்னு இருக்கும், நேரா அங்க போங்க. 12 மாசம் முடியறதுக்குள்ள கொடுத்தா கட்டணம் இல்லை. அதைத் தாண்டினா 15 வருஷம் வரைக்கும் ஏத்தலாம், ஆனா தாமதக் கட்டணம் 200 ரூபாய். உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு, திங்கட்கிழமைன்னு பதற வேண்டாம்.

கொண்டு போக வேண்டியது: பேர் இல்லாத அசல் சான்றிதழ், அப்பா அம்மா ஆதார் நகல், ரெண்டு பேர் கையெழுத்தும் போட்ட விண்ணப்பம். விண்ணப்பத்துல இங்கிலீஷ் பேரைப் பெரிய எழுத்துல, கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தா எழுதுங்க. பக்கத்துலயே தமிழ்லயும் எழுதுங்க. தேதியோட ஒரு ஜெராக்ஸ் கையில இருக்கட்டும். அவங்க அடிக்கும்போது "யாளினி"ன்னு விழுந்துட்டா, நீங்க எழுதிக் கொடுத்தது வேற, அங்க ஏறினது வேறன்னு காட்ட அந்த ஜெராக்ஸ்தான் ஆதாரம். எழுத்துப்பிழையைத் திருத்த வழி இருக்கு. நீங்களே எழுதிக் கொடுத்த ஸ்பெல்லிங்கை அப்புறம் பிடிக்கலைன்னு மாத்த வழி இல்லை.

ஆதார் இதுக்கு அப்புறம்தான். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாம ஆதார் எடுக்க முடியாது, அதுல இருக்கிற பேரே ஆதாருக்கும் போகும். "யாஜினி"க்கும் நீங்க சேர்த்த எழுத்துக்கும் சம்பந்தம் இல்லை. இங்கிலீஷ்ல அடிச்சதை மென்பொருள் தானா தமிழாக்குது, இசட்-எச் வந்தா அதுக்கு ழ புரியறதில்லை. தமிழ்க் கட்டத்தை ஆபரேட்டர் கையால திருத்தலாம். திரையிலும் அச்சுத்தாளிலும் ழகரத்தைப் பார்த்துட்டு அப்புறம் சம்மதம் சொல்லுங்க. ஆதார்ல பேர் திருத்தம் ஆயுளுக்கு ரெண்டு தடவைதான்.

எண்ணியல்_தேவிபட்டினம்
கே சொன்னதும் தெளிவாயிடுச்சு. ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிற கல்தேய முறையில ஒய் 1, ஏ 1, இசட் 7, எச் 5, ஐ 1, என் 5, ஐ 1. கூட்டினா 21. இனிஷியல் கே 2. மொத்தம் 23. எல்லாரும் எழுதுற ஏழெழுத்து ஸ்பெல்லிங்லயே உங்களுக்கு வேண்டிய எண் வந்துடுது. கூட ஒரு ஏ, ஒரு ஐ சேர்த்தா இனிஷியலோட 25 ஆயிடும், 2+5 கூட்டினா 7. எழுத்து சேர்த்துக் கொடுத்தவர் இனிஷியலை விட்டுட்டுக் கணக்குப் போட்டிருக்கார்.

மண்டபம்_மூத்தவர்
எண்ணியல் நண்பருக்கு ஒரு விளக்கம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது, விரித்துத்தான் எழுத வேண்டும். தந்தையின் முழுப்பெயர் வந்து உட்கார்ந்ததும் 23 எங்கே நிற்கும்?

எண்ணியல்_தேவிபட்டினம்
ஐயா, தினமும் எழுதற, கூப்பிடற பேருக்குத்தான் கணக்கு. கையெழுத்துல எத்தனை எழுத்து வேணும்னாலும் சேர்த்துக்கலாம், எந்த அலுவலகமும் தடுக்காது. பதிவேட்டுல சேர்க்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்றதில்லை.

கீழக்கரை_துபாய்வாசி
கடைசியில ரெட்டை ஐ வேண்டவே வேண்டாம் பாய். பெரிய எழுத்துல அது ரெண்டு செங்குத்துக் கோடு மாதிரி நிக்கும், ரோமன் 2ன்னு படிப்பாங்க. டைப் அடிக்கிறவர் ஒண்ணை விட்டுட்டார்னா டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாது. இன்னொண்ணு, பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் கட்டத்தைக் காலியா விடாதீங்க, அப்பா பேரைப் போடுங்க. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் இருந்தா விசிட் விசாவுல ஏத்துக்க மாட்டோம்னு 2022 நவம்பர்ல அமீரகம் அறிவிச்சுது.

முகாம்_வாசகி
இசட்-எச்சே தேவையில்லை. ஈழத்தில எல் போட்டுத்தான் எழுதுறவை. யாழினி எண்டு கூப்பிடத் தெரிஞ்சவைக்கு எழுத்து தடையில்லை, வெளிநாட்டுக்காரர் ஜ எண்டு வாசிக்கவும் மாட்டினம்.

தொண்டி_தமிழாசிரியர்
அதை ஏற்க முடியாது அம்மா. எல் போட்டால் யாலினி, யாளினி, யாழினி மூன்றும் காகிதத்தில் ஒன்றாகிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ழகரத்துக்கு எல்லின் அடியில் கோடு போட்டது. பாஸ்போர்ட்டில் அடிக்கோட்டுக்கு இடமில்லை. அதனால் ழகரத்தைத் தனியே காட்ட நம்மிடம் இருப்பது இசட்-எச் மட்டும்தான்.

முகாம்_வாசகி
மூண்டும் ஒண்டாகிறது இங்கிலீஷில மட்டும்தானே சேர். தமிழ்ப் பெயர் தமிழ்க் கட்டத்தில சரியா இருந்தால் போதாதா?

தொண்டி_தமிழாசிரியர்
பிள்ளை வளர்ந்து போகிற இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலக் கட்டத்தைத்தானே பார்க்கிறார்கள்? அங்கே ழ தொலைந்தால் பெயரே தொலைந்த மாதிரி.

கீழக்கரை_துபாய்வாசி
எங்க ஊர்ப் பேரையே எல் போட்டு ஒரு பலகை, இசட்-எச் போட்டு இன்னொரு பலகை. 2020 ஜூன்ல 1,018 ஊர்ப் பேரோட இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு மாத்தி அரசாணை போட்டு, சில நாள்லயே திரும்ப வாங்கினாங்க. அரசாங்கத்துக்கே முடிவு வரல.

மண்டபம்_மூத்தவர்
ஊர்ப்பெயருக்குத் தனி இழை தொடங்குங்கள். கேட்டவருக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன். விண்ணப்பத்தின் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை எழுத வேண்டாம். தந்தை பெயர் சான்றிதழில் தனி வரியில் வருகிறது. பெயரோடு கே ஒட்டிக்கொண்டால் பாஸ்போர்ட்டில் அதை விரிக்கும்போது சான்றிதழ் ஒரு மாதிரி, பாஸ்போர்ட் ஒரு மாதிரி ஆகிவிடும்.

உச்சிப்புளி_செல்வி
இதுல மூத்தவர் சொல்றதுதான் சரி. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது இனிஷியலைப் போட்டுக்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகுறதுக்கு முன்னாடி பள்ளிப் பதிவு, ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூணுலயும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கான்னு பார்த்துடணும். தம்பி, என்ன முடிவு பண்ணீங்க?

தங்கச்சிமடம்_அப்பா
ஏழெழுத்துலயே கொடுத்தாச்சு, இனிஷியல் போடல. தமிழ்ல ழ சரியா விழுந்திருக்கு. எல்லாருக்கும் நன்றி.

உச்சிப்புளி_செல்வி
நல்லது தம்பி. அம்மா பேரும் ஊர்ப் பேரும் சரியா இருக்கான்னு அதே சான்றிதழ்ல பார்த்தீங்களா?

தொண்டி_தமிழாசிரியர்
முகாம் வாசகி அம்மாவுக்கு: பேரகராதியைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன், அங்கே பேசுவோம்.