மறு: ‘குறோசிங்’ – வெட்டுப்புள்ளியா, கடவையா?

எல்லோருக்கும் வணக்கம். கணிதத்தில் முடிச்சு என்பது இரண்டு முனையும் இணைந்த கயிறு. அப்படியான முடிச்சுகளை ஆராயும் ஸ்னாப்பை (SnapPy) மென்பொருளின் பட்டிகளைத் தமிழாக்கும்போது, முடிச்சை வரைகையில் ஒரு இழை இன்னொன்றைத் தாண்டும் இடமான ‘குறோசிங்’குக்கு (crossing) என்ன சொல் போடுவது என்ற கேள்விக்கு இது என் பதில்.

> வெட்டுப்புள்ளி என்றே போடுவோம், பிள்ளைகளுக்குப் பழகிய சொல்.

சேர், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வகுப்பில் வெட்டுப்புள்ளி என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது இரண்டு கோடுகளுக்கும் பொதுவான ஒரு புள்ளியை. முடிச்சில் அப்படியொரு புள்ளியே கிடையாது. ஒரு இழை மேலால் போகிறது, மற்றது கீழால் போகிறது, தாளில் வரையும்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கீழ் இழையை அந்த இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டு வரைவதும் இதைக் காட்டத்தான். மூவிலை முடிச்சில் (‘ட்ரெஃபொயில்’) இழைகள் இப்படித் தாண்டும் மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் மேலைக் கீழாக்கிப் பாருங்கள், முழு முடிச்சும் அவிழ்ந்து வெறும் வளையமாகிவிடும். வெட்டுப்புள்ளி என்று படித்த பிள்ளைக்கு இது எப்படி விளங்கும்?

என் தெரிவு கடவை. மஞ்சள் கடவை, புகையிரதக் கடவை என்று மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். தண்டவாளமும் வீதியும் ஒரே மட்டத்தில்தானே இருக்கின்றன, மேல் கீழ் எங்கே வந்தது என்று தம்பி கேட்டது நியாயம்தான். ஆனால் ‘கட’ என்ற வினையில் இருந்து வருவதால் மேற்கடவை, கீழ்க்கடவை என்று அதை உடனே பிரித்துக்கொள்ளலாம். மேல்வெட்டுப்புள்ளி என்று சொல்லிப் பாருங்கள், நாக்கும் ஒத்துக்கொள்ளாது, பொருளும் வராது. ‘ஸ்ட்ராண்ட்’டுக்கு இழை என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன், மருதமுனைத் தறிகளில் நாளாந்தம் புழங்கும் சொல் அது.

அப்புறம் ‘நொட்டேசன்’ (notation), முடிச்சை எண்களால் எழுதுவது. இதில் இரண்டு விடயம் கலந்து கிடக்கிறது: எழுதும் முறை ஒன்று, எழுதிக் கிடைக்கும் எண்கள் இன்னொன்று. மூவிலை முடிச்சில் ஓரிடத்தில் தொடங்கி, இழையோடு போய்க்கொண்டே, கடவை வரும்போதெல்லாம் 1, 2, 3 என்று எண் இடுங்கள். ஒவ்வொரு கடவையையும் இரண்டு தரம் தாண்டுவதால் மொத்தம் 6 எண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஒற்றையும் ஒரு இரட்டையும் சேரும். 1உடன் 4, 3உடன் 6, 5உடன் 2. இரட்டைகளை மட்டும் வரிசையாக எடுத்தால் 4 6 2. மேல் கீழ் மாறிமாறி வரும் ஒழுங்கு குலையும் முடிச்சுகளில் சில எண்களுக்கு மறைக்குறியும் வரும். 1983இல் டௌக்கர், திசில்துவெய்ற் என்ற கணிதவியலாளர்கள் வெளியிட்ட முறை இது. 1998இல் 16 கடவைகள் வரையான 17 இலட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகளைக் கணினியால் அட்டவணைப்படுத்தியதும் இப்படியான எண்களை வைத்துத்தான்.

ஆகவே முறைக்குக் குறிப்பீடு, 4 6 2க்குக் குறிவரிசை. இரண்டுக்கும் குறியீடு என்று போட்டால், ஸ்னாப்பையில் முடிச்சு வரையும் பிளிங்க் (PLink) சாளரத்தில், வேறொரு முறையில் எழுதும் கௌஸ் குறிவரிசையும் இந்த டௌக்கர் குறிவரிசையும் ஒரே பட்டியில் நிற்கும்போது குழப்பம்தான் வரும். அதே சாளரத்தில் கடவை ஒன்றின்மேல் சொடுக்கினால் மேல் இழை கீழாகிவிடும். அதற்கு ‘கடவையை மாற்று’ என்று போட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

‘டயகிராம்’ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, நம் பாடநூல்களில் இருக்கும் வரிப்படம் போதும்.

கடவைக்கு எதிராக வலுவான காரணம் உள்ளவர்கள் எழுதுங்கள், இல்லாவிட்டால் பட்டிகளின் தமிழாக்கத்தில் இதையே போடுகிறேன். ‘லிங்க்’ இன்னும் பாக்கி. பல வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பதற்குப் பிணையல் என்று வைக்கலாமா?