பாலக்கோடு பக்கம் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் தெரியுமா?

வணக்கம் உறவுகளே. அம்மாவுக்கு 71 வயது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிவதில்லை, படியேறினால் தொடை தளர்ந்துவிடுகிறது. பரிசோதனையில் வைட்டமின் டி 13 நானோகிராம்தான். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. காலமெல்லாம் ராகிக் காட்டில் வெயிலில் நின்றவருக்கு இப்படியா என்று எங்களுக்குத் தாங்கவில்லை. வயதானால் தோல் அந்தச் சத்தை உண்டாக்குவது குறைந்துவிடும், அம்மாவும் இப்போது வாசலைத் தாண்டுவதே அரிது.

டாக்டர் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் பவுடர் கொடுத்தார். அளவு ஏறிவிட்டது, நடை தேறவில்லை. தசைக்குப் பயிற்சியும் வேண்டும் என்கிறார். ஒரேயடியாகப் பெரிய டோஸ் போடச் சொல்பவர்களுக்கு: 2010-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், வருடத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் எடுத்த வயதான பெண்கள் விழுந்ததும் எலும்பு முறிந்ததும்தான் அதிகம். அதனால் அது வேண்டாம்.

வீட்டுக்கே வந்து முதியோருக்குப் பயிற்சி சொல்லித்தருபவர் யாராவது இருக்கிறார்களா? அப்புறம், போர் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று எங்கே பார்க்கலாம்? ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் அதைத்தான் குடிக்கிறோம். ஃப்ளோரைடும் மூட்டை இறுக்கும் என்பதால் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.